எந்த உடம்புக்கு எந்தக் கை?

ஸ்வீடிஷ், தாய், டீப் டிஷ்யூ, ஷியாட்சு, அப்யங்கம், தொக்கணம்... மசாஜ் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஒகேனக்கல் பாறையில் கால் வழுக்குகிறது. பாதி காவிரித் தண்ணீர், பாதி எண்ணெய். இடுப்பில் துண்டோடு வரிசையாகக் குப்புறப் படுத்திருக்கிறார்கள் ஆண்கள். பெங்களூரிலிருந்து பைக்கில் வந்த ஐ.டி. இளைஞர்கள், சேலத்திலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பத்தின் மாமன் மச்சான்கள், ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிய ஒரு லாரி டிரைவர். குவித்த உள்ளங்கை முதுகில் இறங்கும் ‘டப் டப்’ சத்தம் அருவி இரைச்சலையும் மீறிக் கேட்கிறது. காற்றில் மீன் வறுவல் வாசனை.

அறுபதைத் தாண்டிய ஒருவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்கிறார். பாட்டிலைக் கையில் கவிழ்க்கப்போன மசாஜ்காரர் ஒரு நொடி நிறுத்துகிறார்.

“சுகர், பி.பி. ஏதாச்சும் இருக்குதுங்களா சார்? ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?”

“ரெண்டு மாசம் முன்னாடி ஸ்டென்ட் வச்சாங்க. மாத்திரை ஓடிட்டிருக்கு. அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, நல்லா அடிச்சு விடு.”

“வேணாங்க சார். தலைக்கு மட்டும் எண்ணெய் வச்சு மெதுவா புடிச்சு விடுறேன். முதுகு, நெஞ்செல்லாம் இப்ப வேணாம்.”

பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பணம் கொடுப்பவன் நான், உனக்கென்ன என்று பார்வையிலேயே கேட்டார். மசாஜ்காரர் அசைந்துகொடுக்கவில்லை.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஓங்கித் தட்டினால் தோலுக்கடியில் ரத்தம் கட்டும். இந்த விளக்கம் அந்த மசாஜ்காரருக்குத் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம். கேட்க வேண்டிய கேள்வி தெரிந்திருந்தது. லாவெண்டர் மணக்கும் ஏ.சி. அறையில் பல ஆயிரம் ரூபாய் வாங்கும் ஸ்பாக்கள் பலவற்றில் இந்தக் கேள்வி காதில் விழுவதில்லை. அங்கே முதலில் நீட்டப்படுவது மெனு அட்டை. அதில் பதினைந்து வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம், ஒரு வாக்குறுதி.

401 முதுகுகள் சொன்ன பதில்

எந்த மசாஜ் அதிகப் பலன் தரும்? அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காரர்கள் 401 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடம்பைத் தளர்த்தும் இதமான மசாஜ். இன்னொரு பிரிவுக்கு, எந்தத் தசை, எந்தச் சவ்வு பிரச்னை என்று கண்டுபிடித்துக் குறிவைத்துச் செய்யும் ‘சிகிச்சை’ மசாஜ். மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மசாஜ் பிரிவுகளுக்கு வாரம் ஒருமுறை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், 10 வாரங்கள். முடிவுகள் 2011-ல் வெளியாயின.

பத்தாவது வார முடிவில், மசாஜ் செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் வலி பெருமளவு குறைந்துவிட்டதாகவோ, போயே போய்விட்டதாகவோ சொன்னார்கள். மசாஜ் இல்லாத பிரிவில் அப்படிச் சொன்னவர்கள் 25 பேருக்கு ஒருவர்தான். ஆக, மசாஜ் வேலை செய்கிறது. ஆனால் இரண்டு மசாஜ் வகைகளுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசமே இல்லை! தசை தசையாக ஆராய்ந்து அழுத்தியதும் ஒன்றுதான், சும்மா இதமாக நீவிவிட்டதும் ஒன்றுதான். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பலனில் பெரும்பகுதி கரைந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பலனைப் பொறுத்தவரை வகைகளுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை என்றால், எதற்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஆபத்துக்காக. பலனில் ஏறக்குறைய சமமாக நிற்கும் வகைகள், கெடுதலில் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன. இருபது வயதுக் கபடி வீரரின் தொடையைத் தளர்த்தும் அதே முழங்கை, எலும்பு மெலிந்த எழுபது வயதுப் பாட்டியின் விலாவை முறித்துவிடும். மெனு அட்டையில் ‘எது பிரமாதம்’ என்று தேடுவதைவிட, ‘என் உடம்புக்கு எது கூடாது’ என்று அடித்துக்கொண்டே வருவது புத்திசாலித்தனம். அடித்தது போக மிஞ்சுவதில் எது பிடித்திருக்கிறதோ, அதற்குப் போங்கள்.

ஸ்டாக்ஹோம் முதல் பாங்காக் வரை

உலகம் முழுக்க ஸ்பாக்களில் அதிகம் கேட்கப்படும் ‘ஸ்வீடிஷ்’ வகைக்கு, ஸ்டாக்ஹோமில் 1813-ல் உடற்பயிற்சிக் கல்விக்கான மையத்தைத் தொடங்கிய பெர் ஹென்றிக் லிங்கின் பெயரைச் சொல்வது வழக்கம். இன்று அதில் செய்யப்படும் நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டல் ஆகியவற்றை வகைப்படுத்திப் பெயர் கொடுத்தவராக டச்சு மருத்துவர் யோஹான் மெட்ஸ்கரைச் சொல்கிறார்கள். எண்ணெய் உண்டு, அழுத்தம் மிதம். முதல்முறை மசாஜுக்குப் போகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான நுழைவாயில் இல்லை.

‘டீப் டிஷ்யூ’ என்பது இதே பாணியில் முழங்கையும் முட்டியும் இறங்குவது. வலிக்க வலிக்கத்தான் நல்லது என்றொரு நம்பிக்கை இதன் கூடவே வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளும்போது தசை தளராது, இன்னும் இறுகும். அளவு மீறி அழுத்தித் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மசாஜுக்கு மறுநாள் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அது சாதாரண விஷயமில்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாய் மசாஜில் எண்ணெய் கிடையாது. தளர்வான உடையோடு தரைப்பாயில் படுக்க வேண்டும். செய்பவர் கை, முழங்கை, முட்டி, பாதம் எல்லாவற்றையும் பயன்படுத்தி அழுத்துவார். கைகால்களை மடக்கி, இழுத்து, வளைப்பார். பாங்காக்கின் வாட் போ ஆலயத்தில் மூன்றாம் ராமா மன்னர் 1830-களில் இந்த மருத்துவ அறிவைக் கல்லில் பொறித்து வைக்கச் செய்தார். அதே வளாகத்தில் 1955 முதல் பயிற்சிப் பள்ளி நடக்கிறது. 2019-ல் தாய் மசாஜ் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து மூட்டெல்லாம் இறுகிப்போன, மற்றபடி ஆரோக்கியமான ஆளுக்கு இது அருமையான தேர்வு. டிஸ்க் விலகியவர், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், எலும்பு மெலிந்தவர் எல்லாம் இதன் பக்கமே போகக் கூடாது.

ஜப்பானிய ஷியாட்சுவுக்கும் எண்ணெய் வேண்டாம், விரல் அழுத்தம் மட்டும். தொக்குஜிரோ நமிகோஷி என்பவர் 1940-ல் டோக்கியோவில் இதற்கென்று பள்ளி தொடங்கினார். அதற்கும் வெகுகாலம் முன்பே, 17-ம் நூற்றாண்டில், ஜப்பானில் பார்வையற்றவர்களுக்கு மசாஜும் அக்குபஞ்சரும் கற்பிக்கும் பள்ளிகள் உருவாகிவிட்டன; அவற்றைத் தொடங்கிய சுகியாமா வாய்ச்சியும் பார்வையற்றவரே. சூடான கல், மூங்கில், பாலி, அரோமா என்று மெனுவில் வரும் மற்றவை பெரும்பாலும் மேலே சொன்னவற்றின் மேல் பூசிய மேற்பூச்சு. பிடித்தால் செய்துகொள்ளலாம். தனிப் பலன் எதிர்பார்க்க வேண்டாம்.

தொக்கணமும் உழிச்சிலும்

நம் சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32. அவற்றில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை. பட்டியலை இன்னொருமுறை படித்துப் பாருங்கள். ஸ்வீடிஷ்காரரின் தட்டல் இதில் இருக்கிறது, தாய் மசாஜின் இழுத்தலும் முறுக்கலும் இருக்கின்றன. எண்ணெய் வைத்தும் செய்யலாம், இல்லாமலும் செய்யலாம்.

குமரி மாவட்டத்து ஆசான்களின் வர்மம் தனி உலகம். 108 புள்ளிகள், அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். அடிபட்டால் உயிரையே பறிக்கும் என்று அவர்களே எச்சரிக்கும் இடங்கள் இவை. அதே இடங்களை வைத்துத்தான் சிகிச்சையும். யூடியூப் பார்த்து வர்மம் பழகுகிறவர்கள் இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொண்டால் போதும். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் பட்டம் பெற்ற மருத்துவர்கள் நாடி பார்த்து, நோய் வரலாறு கேட்டு, பிறகே தொக்கணமோ வர்மமோ பரிந்துரைக்கிறார்கள். நகரத்து ஸ்பாவின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இங்கே ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. ஆனாலும் கூட்டம் ஸ்பாவுக்கே போகிறது; காத்திருக்கும் வரிசையும் மெழுகுவர்த்தி இல்லாத அறையும் காரணமாக இருக்கலாம்.

கேரளத்துக்கு வருவோம். அப்யங்கம் என்பது உடல் முழுக்க எண்ணெய் தேய்த்து நீவுவது. பிழிச்சிலில் வெதுவெதுப்பான தைலத்தைத் துணியில் நனைத்து உடம்பின் மேல் இடைவிடாமல் பிழிந்துகொண்டே இருப்பார்கள். ஞவரக்கிழியில் ஞவரை அரிசியைப் பாலும் குறுந்தோட்டிக் கஷாயமும் சேர்த்து வேகவைத்து, துணியில் பொட்டலமாகக் கட்டி ஒற்றி எடுப்பார்கள். இவை நாள்கணக்கில் தொடர்ந்து, பத்தியத்தோடு செய்ய வேண்டிய சிகிச்சைகள். இரண்டு நாள் ஹவுஸ்போட் பயணத்தின் நடுவே ‘ஒரு பிழிச்சில் போடுங்க சேட்டா’ என்று கேட்பதில் அர்த்தமில்லை.

அங்கேயே இன்னொன்றும் இருக்கிறது. கதகளி பயிலும் மாணவர்களுக்கு மழைக்காலத்தில் உழிச்சில் நடக்கும். மாணவன் தரையில் கிடக்க, ஆசான் மேலே கட்டிய கயிற்றையோ கம்பையோ பற்றிக்கொண்டு, பாதத்தால் அவன் உடம்பை நீவுவார். 1930-ல் தொடங்கிய கேரள கலாமண்டலத்தில் இது பயிற்சியின் ஒரு பகுதி. களரி வீரர்களுக்கும் உண்டு. விடியற்காலையில் எழுந்து உடம்பை வில்லாக வளைக்கும் பதின்வயதுப் பையன்களுக்காக உருவானது அது. அதையே ‘கால் மசாஜ் ஸ்பெஷல்’ என்று பெயர் மாற்றி, ஐம்பது வயதில் தொப்பையும் ரத்தக்கொதிப்புமாக வருகிற வாடிக்கையாளருக்குச் செய்யும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. வகை மோசமில்லை, ஆள் மாறிவிட்டார்.

———
எந்தத் தேவைக்கு எது?

தூக்கம் வரவில்லை, மனம் அலைபாய்கிறது: ஸ்வீடிஷ் அல்லது மென்மையான அப்யங்கம். மாலை வேளை உகந்தது.

உட்கார்ந்தே வேலை, இடுப்பும் தோளும் இறுக்கம்: வேறு நோய் இல்லையென்றால் தாய் மசாஜ். எழுந்து நடப்பதையும் சேர்த்துக்கொண்டால்தான் பலன் நிற்கும்.

விளையாட்டு, ஓட்டம், ஜிம்: மறுநாள் தசைவலியை மசாஜ் ஓரளவு குறைக்கும். போட்டிக்கு முந்தைய நாள் டீப் டிஷ்யூ வேண்டாம்.

எண்ணெய் ஆகாது, உடை களையக் கூச்சம்: ஷியாட்சு, தாய், பாத மசாஜ்.

வலி காலுக்கோ கைக்கோ ஓடுகிறது, மரத்துப்போகிறது: எந்த மசாஜும் வேண்டாம். முதலில் மருத்துவர், பிறகு பிசியோதெரபிஸ்ட்.
———

‘நெட்டி’ முறியும் கழுத்து

சலூன் நாற்காலி. முடி வெட்டி முடித்ததும் தலையில் இரண்டு தட்டு, நெற்றிப்பொட்டில் ஒரு அழுத்து, பிறகு தாடையையும் உச்சந்தலையையும் பிடித்து ‘சடக்’. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கண் செருகும் சுகம். தமிழ்நாட்டு ஆண்களில் இதை அனுபவிக்காதவர்கள் குறைவு.

கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியே மூளைக்குப் போகின்றன இரண்டு ரத்தக்குழாய்கள். திடீரென்று திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தத் துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். கர்நாடகத்தின் பெல்லாரியில் 2024-ல் சலூனில் கழுத்தைத் திருகிக்கொண்ட 30 வயது இளைஞருக்கு நேர்ந்தது இதுதான். திருகாமலும் வரலாம். ஹைதராபாத்தில் 2022-ல் பியூட்டி பார்லரில் தலை அலசுவதற்காகக் கழுத்தைப் பின்னால் சாய்த்திருந்த 50 வயதுப் பெண் பக்கவாதத்துக்கு ஆளானார். இதற்கு ‘பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்’ என்றே பெயர். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப் 1993-லேயே ஐந்து பேரின் நிலையை ஆராய்ந்து எழுதிவிட்டார்.

பயப்படுவதிலும் நிதானம் வேண்டும். 2024 டிசம்பரில் தாய்லாந்துப் பாடகி ஒருவர், கழுத்தைத் திருகும் மசாஜ் செய்துகொண்ட பிறகு உடல் செயலிழந்து இறந்தார். உலகமே மசாஜைக் குற்றம் சாட்டியது. அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் விசாரித்துவிட்டு, தண்டுவட அழற்சியே காரணம் என்றார்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் மசாஜ் மட்டுமே காரணமாக இருக்காது. இத்தனை கோடிப் பேர் கழுத்தைக் கொடுத்ததில் பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர்தான். இருந்தும் கழுத்துத் திருகலை நான் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன். ஏனெனில் தராசில் ஒரு பக்கம் அரை நிமிட சுகம், மறுபக்கம் வாழ்நாள் முடக்கம்.

தலை மசாஜ் வேண்டுமா? தாராளமாக. “அண்ணே, கழுத்துல மட்டும் கை வைக்காதீங்க” என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். எந்த சலூன்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். மசாஜுக்குப் பிறகு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இதுவரை இல்லாத கழுத்துவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் வந்தால் சுளுக்கு என்று தைலம் தேய்க்க உட்காராமல் 108-ஐ அழைக்க வேண்டும். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

‘மசாஜ் கன்’ என்ற கையடக்க இயந்திரம் இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. தொடை, பின்புறம், கெண்டைக்கால் என்று சதைப்பிடிப்புள்ள இடங்களோடு அதை நிறுத்திக்கொள்ள வேண்டும். கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் அதற்கான இடமே கிடையாது.

கால் வீக்கத்தைத் தேய்க்காதீர்கள்

டெல்லியில் நடந்தது இது. கணுக்காலில் அடிபட்டு மாவுக்கட்டுப் போட்டிருந்தார் 23 வயது இளைஞர். கட்டைப் பிரித்த பிறகும் வலி நின்றபாடில்லை. அம்மா எண்ணெய் எடுத்துக் காலை நீவிவிட்டார். அசைவில்லாமல் கிடந்த காலின் ஆழத்து ரத்தக்குழாயில் உறைந்திருந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனது. பிள்ளை பிழைக்கவில்லை. எய்ம்ஸ் தடயவியல் மருத்துவர்கள் இதை ஆய்விதழில் பதிவு செய்தார்கள். எந்த அம்மாவும் செய்யக்கூடியதைத்தான் அந்த அம்மா செய்தார் என்பதுதான் இதில் தாங்க முடியாதது.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, கெண்டைக்காலைத் தொட்டாலே வலித்தால் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. மாவுக்கட்டு பிரித்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், பல நாள் படுக்கையில் இருந்தவர்கள், நீண்ட விமானப் பயணம் முடித்தவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள் எல்லாருக்கும் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். ஒரு டாப்ளர் ஸ்கேன் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். எலும்பு முறிவுக்கு நாட்டுக்கட்டுப் போட்டு, அவிழ்த்ததும் ஓங்கித் தேய்க்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சர்க்கரை நோயாளிகளின் கதை வேறு. நாள்பட்ட சர்க்கரையில் பாதம் உணர்விழந்துபோயிருக்கும். கிழி கொதித்தாலும் தெரியாது, “இன்னும் கொஞ்சம் சூடா வைங்க” என்பார்கள். மறுநாள் கொப்புளம், பிறகு ஆறாத புண். கிழியைப் பாதத்தில் வைக்கும் முன் சூட்டை உணரக்கூடிய வேறு யாராவது கையில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டவர்கள், ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவிடக் கூடாது. மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை திடீரென்று இறங்கும்.

———
நச்சு வெளியேறுமா?

“மசாஜ் உடம்பிலுள்ள நச்சுகளை வெளியேற்றும்” என்பது மெனு அட்டைகளின் நிரந்தர வாசகம். எந்த நச்சு என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கின்றன.

“தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலத்தைப் பிழிந்தெடுக்கும்” என்பது இன்னொன்று. உடற்பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்தில் அது தானாகவே வடிந்துவிடும். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, பயிற்சி முடிந்த கையோடு செய்த மசாஜ் அந்த வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தியது தெரியவந்தது.

தொப்பை மசாஜால் கரையாது.
———

குளிப்பாட்டும் பாட்டிக்கு ஒரு வார்த்தை

காலை நீட்டி உட்கார்ந்து, அதில் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கையைக் காலை நீவி, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும் பாட்டிகளை மருத்துவர்கள் முழுக்க நிராகரிப்பதில்லை. குறைமாதக் குழந்தைகளைத் தினம் மூன்று வேளை, 15 நிமிடம் வீதம் 10 நாட்கள் மென்மையாகத் தடவிவிட்டதில், தடவாத குழந்தைகளைவிட 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது என்று அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டு குழுவினர் 1986-ல் கண்டறிந்தார்கள். தேங்காய் எண்ணெய் நல்லது. கடுகெண்ணெய் பிஞ்சுத் தோலைக் கெடுக்கும்.

பிரச்னை, தேய்ப்பதோடு நிற்காதபோது வருகிறது. மூக்கு எடுப்பாக வர வேண்டும் என்று பிடித்து இழுப்பது, மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாய்க்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, ‘உரம் விழுந்திருக்கு’ என்று சேலையில் போட்டு உருட்டுவது. பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருப்பது அம்மாவின் ஹார்மோனால், தானாக வற்றிவிடும். பிதுக்கினால் சீழ் கட்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். பாட்டியிடம் இதை மருமகள் சொன்னால் சண்டை வரும். குழந்தைகள் நல மருத்துவரிடம் அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது பாட்டியையும் கூட்டிக்கொண்டு போய், அவர் வாயாலேயே சொல்லவைத்துவிடுவது நல்லது.

கர்ப்பிணிகளுக்கும் மசாஜ் உண்டு. மருத்துவர் சம்மதத்தோடு, முதல் மூன்று மாதம் கடந்த பிறகு, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, மென்மையாக. குப்புறப் படுக்கவோ, வயிற்றை அழுத்தவோ கூடாது. ‘குடல் ஏறியிருக்கு’ என்று வயிறு தேய்ப்பவர்களிடம் கர்ப்பிணியை அழைத்துப்போகவே கூடாது.

கதவுக்கு அந்தப் பக்கம்

வகையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், செய்கிறவரைப் பற்றி? மசாஜ் சென்டர் என்றாலே ஒரு நமட்டுச் சிரிப்பு நம் ஊரில் இருக்கிறது. சோதனை, கைது என்று செய்தி வரும்போதெல்லாம் அது பெரிதாகிறது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம், ஸ்பாக்களிலும் மசாஜ் மையங்களிலும் சி.சி.டி.வி. கேமரா பொருத்த உத்தரவிட்டார். அடுத்த மாதமே மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது ஒருவரின் உடல்மீதான உரிமையையும் அந்தரங்கத்தையும் மீறுவதாகும் என்று மாறுபட்டார். உடை களைந்து படுக்கும் இடத்தில் கேமரா என்பது, திருடனைப் பிடிக்க வீட்டுக்காரரின் மானத்தை வாங்குவதாகத்தான் முடியும். வரவேற்பறையில் கேமரா, சுவரில் பயிற்சிச் சான்றிதழ், வருபவரின் உடல்நிலையை எழுதி வாங்கும் படிவம்: இந்த மூன்றையும் கட்டாயமாக்கினால் வாடிக்கையாளருக்கு உண்மையான பயன் கிடைக்கும்.

நகரத்து ஸ்பாக்களில் வேலை பார்க்கும் பெண்களில் கணிசமானவர்கள் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து என வடகிழக்கிலிருந்து வந்தவர்கள். மொழி தெரியாத ஊரில், நாள் முழுக்க அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மூட்டு தேய்ந்து, கூடவே சந்தேகப் பார்வையையும் சுமக்கிறார்கள். ஒகேனக்கல் மசாஜ்காரர்களுக்கு வேறு சிக்கல். கர்நாடக அணைகள் திறந்து காவிரியில் வெள்ளம் வந்தால் மாவட்ட நிர்வாகம் குளிக்கத் தடை போடும். குளிக்க ஆள் இல்லையென்றால் எண்ணெய்க்கும் ஆள் இல்லை. தடை எடுக்கும்வரை வருமானம் பூஜ்யம். விடுப்புச் சம்பளமெல்லாம் அவர்களுக்கு யார் தருவது?

நல்ல கையைக் கண்டுபிடிக்க ஒரு வழி: “எங்கே கத்துக்கிட்டீங்க?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்காதவரும், பதிலுக்கு உங்கள் உடம்பைப் பற்றி நாலு கேள்வி கேட்பவரும், “வலிக்குது” என்றதும் அழுத்தத்தைக் குறைப்பவரும் எந்த வகை செய்தாலும் நம்பலாம். சிகிச்சைக்காகப் போனால் சித்தமோ ஆயுர்வேதமோ பட்டம் பெற்ற மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். காய்ச்சல், தோல் தொற்று, வயிறு நிறையச் சாப்பிட்ட நேரம் இதிலெல்லாம் தள்ளிப்போடுங்கள். முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். எண்ணெய்க் காலோடு ஈரப் பாறையில் நடப்பதும் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு

பலனைப் பொறுத்தவரை வகை பெரிய விஷயமில்லை என்று சொல்லிவந்தேன். வகைதான் எல்லாமே என்று ஆகும் இடம் ஒன்று உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும்போது அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். கதிர்வீச்சும் சேரும். வடிகால் அடைபட்டு, அந்தப் பக்கத்துக் கையில் நிணநீர் தேங்கி வீங்கும். சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து. இந்தக் கையில் அழுத்தி எண்ணெய் தேய்த்தால் வீக்கம் கூடும்.

இதற்கென்றே இருக்கிறது நிணநீர் வடிப்பு மசாஜ். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930-களில் பிரான்சில் உருவாக்கியது. அழுத்தம் மிக மிகக் குறைவு. தோல் லேசாக நகர்ந்தால் போதும். முதலில் கழுத்தையும் எதிர்ப்பக்கத்து அக்குளையும் தடவி அங்கே வடிகாலைத் திறந்துவிட்டு, பிறகே வீங்கிய கைக்கு வருவார்கள். கூடவே பல அடுக்குக் கட்டு, பயிற்சிகள், தோல் பராமரிப்பு. பார்க்கிறவர்களுக்கு ‘இது என்ன, மசாஜே பண்ணலையே’ என்றுதான் தோன்றும். யானைக்கால் வீக்கத்துக்கும் இதே முறை உதவுகிறது.

பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டுகள் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். ஆனால் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே சொல்லப்படுவதில்லை. வளையல் இறுகுகிறது, ஜாக்கெட் கை பிடிக்கிறது என்று தையல்காரரிடம்தான் முதலில் போகிறார்கள். அந்தக் கட்டத்திலேயே தையல் டேப்பை எடுத்து, முழங்கையிலிருந்து 10 செ.மீ. மேலே இரண்டு கைகளையும் சுற்றி அளந்து பார்க்கலாம். வித்தியாசம் 2 செ.மீ.க்கு மேல் இருந்தால், அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் போய், பிசியோதெரபி பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கேட்டு வாங்குங்கள்.